பாயோடு ஒட்டியவர்கள்



மட்டக்களப்பாரைப் பற்றிப் பிற ஊரார் சொல்லும் ஒரு கதை உண்டு. 'மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்' என்பது அது. உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் இங்கு வந்த ஆண்கள் பலர் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டதைக் கண்டவர்கள் இதற்குக் காரணம் மந்திரமே என்றார்கள். இந்த ஊர்ப் பெண்களிடம் மருந்தும் மாயமும் உண்டு என்றார்கள். நம்மவர்களோ அது மந்திரமல்ல, விருந்தோம்பல் என்று மறுமொழி சொன்னார்கள். இரு சாராரும் பாயில் வந்து இருந்தவரைப் பற்றியே வாதிட்டார்கள். அந்தப் பாயை இழைத்தவர்கள் யார், எப்படிக் கூடியிருந்து இழைத்தார்கள், இழைக்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வாதத்துக்குள் வரவேயில்லை. இன்றைய உரையில் அந்தப் பெண்களைப் பற்றியும், அவர்கள் கூடியிருக்கும் இடத்தைப் பற்றியும், அந்த இடத்துக்கு இன்று நேர்ந்திருப்பதைப் பற்றியும் பேசலாம் என நினைக்கிறேன்.

இலக்கியத் தொடர் ஒன்றிலே பாய்க்கும் தையலுக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்மொழி அவ்வாறு எண்ணவில்லை. 'தையல்' என்ற ஒரே சொல் தைத்த வேலையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும், அழகையும் குறிக்கும். 'நூல்' என்றால் ஊசியில் கோப்பதும் நூல்தான், வகுப்பறையில் விரித்துப் படிப்பதும் நூல்தான். செய்யுளைப் 'பா' என்கிறோம். தறியிலே நீளவாக்கில் ஓட்டுகின்ற இழைகளுக்கும் பா என்றே பெயர். மட்டக்களப்பிலே நாங்கள் பாயைப் பின்னுவதில்லை, 'இழைக்கிறோம்'. அந்தச் சொல்லுக்குள்ளும் 'இழை' இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லுமிடத்து ஒரு பெண்ணையே உவமையாகக் காட்டினார். சொற்களே பஞ்சு, செய்யுளே இழை, நூற்கின்ற பெண்ணே புலவன், அவளுடைய கையே வாய், அவள் சுழற்றும் கதிரே அறிவு என்று ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திக் காட்டினார். உயர்தர வகுப்பிலே இந்தப் பகுதியைக் கற்பிக்கும் ஒவ்வொரு வருடமும் மாணவிகளின் முகத்தில் ஒரு சிறு வியப்பு வருவதைக் காண்கிறேன். புலவனுக்கு உவமை தேடிய இலக்கண ஆசிரியர் ஓர் அரசனிடமோ முனிவரிடமோ போகாமல், நூல் நூற்கும் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போனார் என்பது சிறிய விடயமல்ல.

ஆனால், அந்த உவமையில் வரும் பெண் தனியாக இருக்கிறாள். புறநானூற்றிலும் அப்படித்தான். 326ஆம் பாடலிலே ஓர் இரவுக் காட்சி வருகிறது. பூனைக்கு அஞ்சிக் கோழி கூவுகிறது. பஞ்சில் ஒட்டிய தூசியும் செற்றையும் தட்டுவதற்காக எழுந்த பருத்திப் பெண்ணின் சிறு விளக்கு வெளிச்சத்திலே கோழியின் அச்சம் தணிகிறது. ஊர் உறங்கும் வேளையில் ஒருத்தி விளக்கேற்றி வேலை செய்கிறாள். துணையற்ற பெண்ணின் பிழைப்பைச் சங்கப் புலவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். அந்தப் பெண் பகலிலே யாரோடு இருந்து பஞ்சு கொட்டினாள், யாரோடு சிரித்தாள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. கைவேலை செய்யும் பெண்ணை இலக்கியம் கண்டது. கைவேலை செய்யும் பெண்களின் கூட்டத்தைக் காண்பதற்கு நாம் வாவிக்கரைக்கு வரவேண்டியிருக்கிறது.

நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. சூரியன் எழுகின்ற கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. வயலும் குளமும் காடுமாகச் சூரியன் படுகின்ற பக்கம் படுவான்கரை. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படுமுன் 'பாதை' ஏறித்தான் அந்தத் துறையைக் கடந்தோம். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே பாதை என்பது வீதியல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. அந்தக் கரையிலே நீர் தேங்கும் தாழ்நிலங்களில் பன் என்ற புல்லினம் வளர்கிறது. அதில் இழைப்பதுதான் பன்பாய்.

தென்னிந்தியாவிலே பத்தமடைப் பாய் பெரும் புகழ் பெற்றது. அது கோரையைத் தறியிலே நெய்து எடுப்பது. நமது பன்பாய்க்குத் தறியில்லை. விரல்களே தறி. பன்னை அறுத்து, வெயிலில் காயவைத்து, தரம் பிரித்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து எடுக்கவேண்டும். அதன் பிறகு, இழைத்து முடிந்த பகுதியின் மேலேயே இழைப்பவள் குந்தியிருந்து முன்னேறிக்கொண்டு போவாள். பாய் வளரவளர இருப்பவளின் இடமும் வளரும். பிற ஊரார் சொன்ன கதைக்கு இதைவிட நேரான பொருள் இல்லை என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. பாயோடு ஒட்டியிருந்தவள் முதலில் அதை இழைத்தவள்தான்.

இந்த வேலையைத் தனியே செய்யலாம். ஆயினும் தனியே செய்தால் கட்டாது. பன் அறுக்கத் தண்ணீருக்குள் தனியே இறங்க எவரும் துணியமாட்டார்கள். காயவைத்ததை மழையிலிருந்து காக்க நாலு கை வேண்டும். சாயப் பானையை ஒருத்தி மூட்டினால் நாலு வீட்டுப் பன் அதில் அவியும். அகலப் பாய் என்றால் இரு புறமும் இருவர் இருந்தால்தான் சுணங்காமல் முடியும். வேலையே கூட்டத்தைக் கேட்கிறது.

கூட்டத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. மட்டக்களப்பிலே தாய்வழிக் குடிமுறை நிலவுகிறது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போகிறது. கலியாணம் முடிந்ததும் பெண் புகுந்த வீடு தேடிப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார். ஆகவே ஒரு வளவிலும் அதை அடுத்த வளவுகளிலும் தாய், பெரியம்மா, சின்னம்மா, அக்கா, தங்கச்சி என்று ஒரு வயிற்று உறவே குடியிருக்கும். பிறந்த இடத்திலேயே வளர்ந்து மூத்துப்போகின்ற பெண்கள் ஒரு மரநிழலில் கூடுவதற்கு அழைப்பிதழ் தேவையில்லை. கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் கூடி நெற்குற்றுவார்கள். சடங்கு முடிந்தால் கூடிப் பாயிழைப்பார்கள்.

இந்தக் கூட்டத்தின் இன்றைய பெயர் மாதர் சங்கம். முழுப்பெயர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். தலைவி, செயலாளர், பொருளாளர், கூட்டக் குறிப்புப் புத்தகம், இறப்பர் முத்திரை எல்லாம் உண்டு. படுவான்கரையிலே அத்தகைய சங்கம் ஒன்றுக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். மாணவிகளுக்காக நொடிகளும் தாலாட்டுகளும் சேகரிக்கவே முதலில் போனேன். பன் கிடைக்கும் காலத்தில் அவர்கள் பாயிழைக்கிறார்கள். பன் இல்லாத காலத்தில் தையற்கடைகளில் வெட்டிக் கழித்த துண்டுத்துணிகளை வாங்கிவந்து, பழஞ்சேலையை அடியில் கொடுத்து, ஒன்றோடொன்று ஒட்டித் தைத்து விரிப்பும் கால்துடைப்பானும் செய்கிறார்கள். வெளிநாடுகளில் இவ்வாறு துண்டு ஒட்டித் தைக்கும் போர்வைகளுக்கெனச் சங்கங்களே உண்டு. அங்கும் இங்கும் துணி வேறு, ஊசி ஒன்று.

அந்த மண்டபத்திலே நான் கண்டவற்றுள் முதலாவது, அங்கே பேசுபவர் மற்றவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் கையில் இருக்கும். நேருக்கு நேர் பார்த்துச் சொல்லக் கூசும் சங்கதிகள் அதனால் எளிதாக வெளியே வருகின்றன. இரண்டாவது, மௌனம் அங்கே குற்றமில்லை. பேச்சு நின்றால் இழைப்பு நடக்கும். ஒரு கதை பாதியில் நின்றால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மூன்றாவது, பிழைத்தவளை ஏசமாட்டார்கள். 'பிரிச்சுப்போட்டு இழை புள்ள' என்று மட்டும் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தின் மூத்தவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன்.

"கை சும்மா இருந்தா வாய் திறக்காது மகள். கை ஓடக்குள்ளதான் வாயும் ஓடும்" என்றார்.

நொடி, பழமொழி, தாலாட்டு, ஒப்பாரி, கதை என்று நாம் பாடப்புத்தகத்தில் வகைபிரித்து வைத்திருப்பவை இத்தகைய இடங்களில்தான் வளர்ந்தன. முஸ்லிம் ஊர்களிலே பெண்கள் சொல்லும் கவிகளுக்கும் இதுவே பிறப்பிடம். நாட்டார் பாடல்களைச் சேகரித்தவர்கள் பாட்டை எழுதிக்கொண்டு வந்தார்கள். அதற்காக அவர்களுக்குக் கடமைப்பட்டுள்ளோம். பாட்டுப் பிறந்த பாய் அங்கேயே கிடந்தது.

இந்தப் பாய்கள் 1990இலே சுருட்டப்பட்டன. அந்த வருடம் யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலே காத்தான்குடி, ஏறாவூர், சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை என்ற ஊர்ப்பெயர்கள் சாவினதும் காணாமற் போனவர்களினதும் பெயர்களாயின. முஸ்லிம் பெண்கள் இழைத்த பாய் தமிழ் வீட்டுக் கலியாணத்திலும், மருதமுனைத் தறியில் நெய்த துணி தமிழர் உடலிலும் இருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரே வளவிலிருந்து ஒருவர் கூக்குரல் கேட்டால் அடுத்த ஊர் ஓடிவந்த காலமும் அதுவே. அதற்குப் பின் ஊருக்கும் ஊருக்கும் இடையிலே அச்சம் வேலியாக நின்றது. படுவான்கரை மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுவான்கரையைக் கடல் எடுத்துக்கொண்டு போனது.

மேலே சொன்ன சங்கத்திலே ஒரு தாய் இருக்கிறார். 1990இலே பிடித்துச் செல்லப்பட்ட மகன் திரும்பி வரவில்லை. ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கியவர். ஒருநாள் விரிப்பொன்றின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே சொன்னார்:

"கந்தோரில திகதி கேட்டாங்க, சொன்னன். அடையாள அட்டை இலக்கம் கேட்டாங்க, சொன்னன். எத்தனை தரம் சொன்னன். அவன் என்ன சாப்பிட்டிட்டுப் போனான் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

பக்கத்தில் இருந்த பெண், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன மாமி சாப்பிட்டவர்?" என்று கேட்டார்.

அந்தத் தாய் சொன்ன மறுமொழியை இங்கே நான் சொல்லப்போவதில்லை. அது அந்த மண்டபத்துக்கு உரியது. ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்தக் கேள்வியை எந்த விசாரணை அதிகாரியும் கேட்டிருக்கமாட்டார். அது அவருடைய படிவத்தில் இல்லை.

பெண்களின் கைவேலைக்குள் இருக்கும் இந்த அறிவை ஆங்கில இலக்கியம் ஒருமுறை அற்புதமாகக் காட்டியது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல், பத்திரிகை நிருபராக இருந்த காலத்தில் அயோவா மாநிலத்துக் கொலை வழக்கொன்றைப் பற்றி எழுதியவர். அதை வைத்து 1916இலே ஓரங்க நாடகம் ஒன்று செய்தார். 'அற்ப விடயங்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கணவனைக் கொன்றதாக ஒரு பெண் சிறையில் இருக்கிறாள். சட்டத்தரணியும் பொலிஸ் அதிகாரியும் வீடு முழுவதும் தடயம் தேடுகிறார்கள். கூடவந்த இரு பெண்கள் சமையலறையிலே நிற்கிறார்கள். அவள் தைத்துக்கொண்டிருந்த துண்டுப்போர்வை அவர்கள் கையில் படுகிறது. இதை அவள் எந்த முறையில் முடிக்க நினைத்தாளோ என்று அவர்கள் பேசிக்கொள்ள, ஆண்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்கு ஒன்று தெரிகிறது. எல்லாத் துண்டும் சீராகத் தைக்கப்பட்டிருக்க, கடைசித் துண்டில் தையல் தாறுமாறாகப் போயிருக்கிறது. அவளுடைய மனம் எந்த இடத்தில் உடைந்தது என்பதை அந்தத் தையல் சொல்லிவிடுகிறது. தேடிய தடயம் பெண்களின் கையில் கிடைக்கிறது. ஆண்கள் வெறுங்கையோடு போகிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்குப் புதுமையாக இருக்கவில்லை. நமது சங்கத்திலும் ஒரு பாயைத் தடவிப் பார்த்து, 'இதை இழைக்கக்குள்ள அவளுக்கு மனம் சரியில்ல' என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இழை இறுகினால் கோபம், நெகிழ்ந்தால் கவலை என்பது அவர்கள் வாசிப்பு. அதைப் பள்ளிக்கூடத்தில் நாம் திறனாய்வு என்கிறோம்.

வங்காளத்திலே பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் காந்தா என்ற விரிப்பு உண்டு. கவிஞர் ஜசீமுதீன் 1929இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்ற கதைப்பாட்டில், ஊர்ச்சண்டையின் பின் ஓடிப்போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவிலே தைத்து வைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கிறாள். சிலி நாட்டிலே 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இழந்த பெண்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் நிழலிலே கூடினார்கள். சாக்குத் துணியின்மேல் துண்டுத்துணிகளை ஒட்டி, பிடித்துச் செல்லப்பட்டவர்களின் கதையைப் படங்களாகத் தைத்தார்கள். காணாமற் போனவரின் உடுப்பிலிருந்தே சில துண்டுகள் வந்தன. அவற்றுக்கு அர்பியேரா என்று பெயர். அந்தச் சொல்லின் பொருளே சாக்குத் துணிதான். வாய் திறக்க முடியாத நாட்டிலிருந்து அந்தத் துணிகள் வெளிநாடு சென்று பேசின. சிலியைக் கண்ணால் காணாத நமது தாய்மாருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். ஒருவரும் வியக்கவில்லை. 'மறுகா என்ன செய்யிற?' என்று ஒருவர் சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

இனி, இந்த இடத்துக்கு இன்று நேர்ந்திருப்பதைப் பார்ப்போம்.

பிளாஸ்டிக் பாய் வந்ததால் பன்பாய் அழிகிறது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மை. மலிவானது, கழுவலாம், மழைக்கு அஞ்சவேண்டியதில்லை. தாழ்நிலங்களை நிரப்புவதால் பன் கிடைப்பதும் அரிதாகிறது. இவற்றைவிட ஆழமான காயம் ஒன்றுண்டு. 'குழு' என்ற சொல்லுக்கே பெண்கள் அஞ்சும் நிலை வந்தது. போருக்குப் பிந்திய காலத்திலே நுண்கடன் கொடுப்போர் கிராமம் கிராமமாக வந்தார்கள். அவர்களும் பெண்களைக் கூட்டியே கடன் கொடுத்தார்கள். சிலரைச் சேர்த்துக் குழுவாக்கி, ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பிணை என்றார்கள். வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடவேண்டும். அங்கும் பாய் விரித்தார்கள், அங்கும் வட்டமாகவே இருந்தார்கள். ஆனால் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகமுடியாது. நேற்றுவரை மச்சாள் என்று அழைத்தவள் இன்று பிணைகாரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வாய் வராது. சொன்னால் அது தவணை தவறப்போவதன் அறிகுறியாகிவிடும். வேலி தாண்டி ஒளிந்த பெண்களும் உண்டு. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இலே அரசு முன்வந்தது என்றால், துன்பத்தின் அளவை ஊகிக்கலாம். கடன் தள்ளுபடியானாலும் முறிந்த உறவைத் தள்ளுபடி செய்யும் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

பாயிழைக்கும் கூட்டத்திலும் சீட்டுப் பிடிப்பார்கள். அங்கேயும் பணம் கைமாறும், அங்கேயும் ஒருத்தி தவறுவாள். அப்போது சீட்டை மாற்றிக்கொடுப்பார்கள், 'அடுத்த மாதம் போடு புள்ள' என்பார்கள். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். முதல்நாள் இழைக்கும்போதே சொல்லியிருப்பாள். கடன்குழுவிலே கூட்டம் பணத்துக்காகக் கூடியது. மாதர் சங்கத்திலே ஏற்கெனவே கூடியிருந்தவர்களுக்கு இடையே பணம் ஓடியது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வட்டந்தான்.

நல்லெண்ணத்தோடு வரும் உதவிகளும் சிலவேளை இந்த வித்தியாசத்தைக் காண்பதில்லை. வாழ்வாதாரம் என்று ஆளுக்கொரு தையல் இயந்திரம் கொடுக்கிறார்கள். நல்ல காரியந்தான், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு வீட்டில் ஓர் இயந்திரம் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் அறிவேன். ஆயினும் இயந்திரம் வீட்டுக்குப் போனதும் பெண்ணும் வீட்டுக்குப் போய்விடுகிறாள். சுவரைப் பார்த்துத் தைக்கிறாள். புறநானூற்றிலே கண்ட அந்தப் பருத்திப் பெண்ணைப்போல இரவிலே தனியே விளக்கேற்றுகிறாள். மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. இன்னொரு புறத்தில் மரபுக் கைப்பணி என்று சொல்லி, பாயைச் சுவரில் மாட்டிக் காட்சி வைக்கிறோம்.

அலிஸ் வாக்கர் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் 1973இலே எழுதிய சிறுகதையொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அதன் பெயரே 'அன்றாடப் பாவனை' என்பதுதான். பாட்டி தைத்த துண்டுப்போர்வைகளைப் படித்துப் பட்டணம் போன மூத்த மகள் கேட்கிறாள். சுவரில் மாட்டிவைக்க வேண்டுமாம். ஊரிலேயே இருக்கும் இளைய மகளுக்குக் கொடுத்தால் அவள் போர்த்திக் கிழித்துவிடுவாளாம். தாய் யோசித்து இளையவளுக்கே கொடுக்கிறாள். கிழிந்தால் அவளுக்குத் திரும்பவும் தைக்கத் தெரியும் என்பதே தாயின் கணக்கு. மரபைக் காப்பவள் யார் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடையை நான் படித்ததில்லை.

ஆகவே நேயர்களே, என்னுடைய வேண்டுகோள் சிறியது. உதவி செய்ய வருவோர் இயந்திரம் கொடுக்கட்டும். அவற்றுள் இரண்டை மண்டபத்திலும் வைக்கட்டும். கூரை ஒழுகினால் அதைத் திருத்திக் கொடுக்கட்டும். சிறுபிள்ளைகள் விளையாட ஒரு மூலையும் வேண்டும், தாய் வரவேண்டுமென்றால் பிள்ளைக்கும் இடம் வேண்டும் அல்லவா? கலியாணத்துக்கோ வீடு குடிபுகுதலுக்கோ ஒரு பன்பாயாவது வாங்குவோம். வாங்கியதைச் சுவரில் மாட்டாமல் நிலத்தில் விரிப்போம். தமிழ் ஊர்ச் சங்கமும் முஸ்லிம் ஊர்ச் சங்கமும் வருடத்தில் சிலநாள் ஒரு கூரையின் கீழ் கூடி இழைத்தால் எத்தனையோ கூட்டங்கள் பேசித் தீராதவை பேசாமலே இளகும். அவர்களுக்குச் சமாதானம் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. சாயப் பானை ஒன்று போதும்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மாணவிகளை நாட்டார் பாடல் சேகரிக்க அனுப்பும்போது, கொப்பியோடு மட்டும் அனுப்பாதீர்கள். முதல்நாள் எதுவும் எழுதாமல் பன் தரம் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் ஓரம் மடிக்கட்டும். மூன்றாம் நாள் அவர்களே பாட்டைச் சொல்வார்கள். எழுதும்போது சொன்னவரின் அனுமதியோடு அவருடைய பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதவேண்டாம் என்று சொன்னதை எழுதாமல் விட்டுவிடுங்கள். அந்த மண்டபத்துக்கு உரியது அங்கேயே இருக்கட்டும்.

வருகிற விடுமுறையிலே எங்கள் வகுப்பு மாணவிகள் சிலர் மண்முனைப் பாலம் கடந்து அந்தச் சங்கத்துக்கு வருகிறார்கள். பாயிழைக்கத் தெரிந்தவர்கள் தங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருந்தால் அண்டையிலுள்ள பாடசாலைக்குச் சொல்லுங்கள். இருக்க இடம் உண்டா என்று யோசிக்க வேண்டியதில்லை. இழைக்க இழைக்கப் பாய் வளரும்.